எழுந்து ஓடுகிற சுவர்

கடலூர் துறைமுகத்துப் பக்கம் பழைய கடைத்தெருவில் போய் மார்க்கெட் எங்கே என்று கேட்டால் யாராக இருந்தாலும் கை காட்டுவார்கள். அதைக் கட்டியவன் நான். கட்டியது மட்டுமில்லை, அது எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்ததும் நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். கலவைச் சட்டி தூக்கி ஆரம்பித்தேன், கரண்டி பிடித்தேன், மேஸ்திரி ஆனேன், பிறகு காண்ட்ராக்டர் என்று பலகை எழுதி மாட்டினேன். மஞ்சக்குப்பத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் பஸ்ஸில் என்னோடு வந்தால் போதும். இந்த மண்டபம் நான், அந்த மாடி நான் என்று ஜன்னல் வழியாகக் காட்டிக்கொண்டே வருவேன். நான் போட்ட தளம் எதுவும் ஒழுகியதில்லை. ஒழுகியது என்று சொல்கிறவன் என் எதிரில் வந்து சொல்லட்டும்.

ஆனால் அந்த மார்க்கெட்டுக்குள் ஒரு நாளும் நான் பயமில்லாமல் நின்றதில்லை. கட்டடம் விழுந்துவிடும் என்கிற பயம் இல்லை. அது விழாது. உள்ளே இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினால் எல்லோரும் வெளியே போய்ச் சேருவார்களா என்பதுதான் என் பயம்.

இந்தப் பயம் எனக்குச் சிதம்பரத்தில் பிடித்தது. சித்தாளாக இருந்த வயது. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பின்பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது, முன்பக்கம் முகூர்த்தம். சமையல் கொட்டகையில் கீற்று பற்றிக்கொண்டது. பெரிய நெருப்புகூட இல்லை, இரண்டு குடம் தண்ணீரில் அணைந்துவிட்டது. ஆனால் யாரோ ஒருத்தர் கத்தினார். மண்டபத்துக்கு இரண்டு வாசல் உண்டு. பக்கவாட்டு வாசலில் அண்டாக்களும் வாழைத்தாரும் அடுக்கியிருந்தார்கள். எல்லோரும் வந்த வழியாகவே ஓடினார்கள். நான் வாசல் நிலைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். மூச்சு விட இடமில்லை. அப்போது ஒரு சத்தம் கேட்டது. பொம்பளைகள் கை வளையல் உடைகிற சத்தம். ஒன்று இரண்டு இல்லை, மொத்தமாக, மழை தகரத்தில் விழுகிற மாதிரி. அன்றைக்கு யாரும் சாகவில்லை. எனக்கு விலா எலும்பு இரண்டு போனது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் வாசலைப் பார்ப்பேன். சாமி கும்பிடப் போனாலும் அப்படித்தான். இதை என் சம்சாரத்திடம்கூடச் சொன்னதில்லை. நான் பயந்தவன் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

சுனாமி வந்துபோன பிறகு எங்கள் ஊரில் கடற்கரைப் பக்கம் இருந்த ஜனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. யாராவது ஒருத்தர் "தண்ணி வருது" என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் போதும், அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு மேற்கே ஓடுவார்கள். ரயில் ரோட்டு மேட்டில் ஏறி நின்றுகொண்டு கிழக்கே பார்ப்பார்கள். வெளியூர்க்காரர்கள் துறைமுகப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பழைய கடைத்தெரு காய்ந்து போனது. பாத்திரக் கடை, வளையல் கடை, நாட்டு மருந்துக் கடை எல்லாம் பட்டப்பகலில் ஈ ஓட்டின. மீன் விற்கிற பொம்பளைகள் மட்டும் ரோட்டோரம் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவர் என் சம்சாரத்துக்குத் தம்பி முறை, எனக்கு மச்சான். ஆள் நல்ல கனம், நடந்தால் மண்டித் தரை அதிரும். கடைக்காரர்கள் சங்கத்தில் அவர்தான் தலைவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"மாமா, மண்டிக்குப் பின்னால சங்கத்து மனை சும்மா கெடக்குது. அதுல ஒரு மார்க்கெட் கட்டலாம்னு இருக்கோம். மீனு, காய்கறி, பூவு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. ஆனா வாசல் ஒண்ணே ஒண்ணு. அதுவும் நம்ம தெருவப் பாத்து. மீனு வாங்க வர்றவன் நம்ம கடைங்கள தாண்டித்தான் உள்ள போவணும், தாண்டித்தான் வெளிய வரணும். அப்பதான் தெரு பொழைக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பின்பக்கம் மேற்கே ஒரு சந்து உண்டு. அதிலும் ஒரு வாசல் வைத்தால் ஜனம் ஷேர் ஆட்டோவில் அப்படியே பின்னால் வந்து இறங்கி, மீனை வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடும். கடைத்தெருவை எட்டிக்கூடப் பார்க்காது. சிதம்பரத்திலிருந்து ஒரு இன்ஜினியர் தம்பி வந்து பிளான் போட்டார். படித்தவர், பணிவானவர், என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவார். மூன்று பக்கமும் சுவர், உயரத்தில் காற்றுப் போக்கி, கிழக்கே பெரிய வாசல், இரும்பு ஷட்டர். அழகான பிளான். பார்த்ததும் எனக்கு விலா வலித்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தவள் ஒரு மீன்காரம்மா. ரோட்டோரம் விற்கிறவர்களில் அவள் பேச்சைத்தான் மற்றவர்கள் கேட்பார்கள். வடக்கே ஒரு குப்பத்திலிருந்து கூடையோடு வருவாள். மண்டிக்குள் பிளானை விரித்து வைத்து விளக்கிக்கொண்டிருந்தோம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"வாசல் எந்தப் பக்கம் மேஸ்திரி?"

"தெருவப் பாத்து."

"அது கெழக்கு தானே?"

"ஆமா."

"கடலு எந்தப் பக்கம்?"

மச்சான் தொண்டையைச் செருமினார்.

"அப்ப தண்ணி வந்தா நாங்க தண்ணிய பாத்து ஓடணும். நல்லா இருக்குது ஒங்க பிளானு. கூடையில மீனோட மீனா எங்களயும் அள்ளிக்கினு போவட்டும்னு கட்றீங்களா?"

"ஏம்மா, எந்நேரமும் தண்ணி வந்துக்கினேவா இருக்கும்?" என்றார் மச்சான்.

"வந்தன்னிக்கி நீ எங்க இருந்த? மண்டியில மூட்டை மேல படுத்துக்கினு இருந்திருப்ப. நான் ஓடறப்ப ஒரு காம்பவுண்டு சுவரு குறுக்க நின்னுச்சு. நான் தாண்டிட்டேன். என் ஓரகத்தி தாண்டல." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "பின்னால சுவரு வெச்சா ஒருத்தியும் உள்ள வர மாட்டோம். ரோட்டுலயே குந்திக்கிறோம்."

மீன் இல்லாத மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் யார் வருவார்கள்? அவர்கள் வரவில்லை என்றால் கட்டடம் வீண், தெருவும் போச்சு. பின்பக்கம் திறந்தால் கடைக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். இன்ஜினியர் தம்பி பிளானைச் சுருட்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் டீக்கடையில் நின்று அந்தப் பொம்பளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாகக் குந்தியிருந்தார்கள். முன்னால் கூடை, பக்கத்தில் அரிவாள்மணை, பின்னால் தூக்குவாளி. ஒரு மாடு அந்த வரிசைக்குள் நுழையப் பார்த்தது, முடியவில்லை. ஒரு ஆள் குறுக்கே போகப் பார்த்தான். "சுத்திக்கினு போ சாமி" என்று கத்தினார்கள், சுற்றிக்கொண்டு போனான். அப்போது ஒரு லாரி பின்பக்கமாக வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வரிசை முழுக்கக் காணாமல் போய்விட்டது. லாரி திரும்பிப் போனதும் மறுபடியும் அதே வரிசை.

நான் டீயைக் குடிக்காமல் மண்டிக்கு ஓடினேன். இதை யோசிக்க நாலாம் வகுப்பு போதும், ஆனால் கண் வேண்டும். மேற்குப் பக்கம் சுவரே வேண்டாம், தூண் மட்டும் போதும். தூணுக்குத் தூண் முழங்கால் உயரத்தில் ஒரு மேடை. அதன் மேல் பொம்பளைகள் சந்துக்கு முதுகு காட்டி, உள்ளே பார்த்து உட்காருவார்கள். வரிசையாக ஆளும் கூடையும் இருக்கும்போது சந்திலிருந்து எவனும் உள்ளே நுழைய முடியாது. வாங்குகிறவன் தெருவாசல் வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் தண்ணீர் வந்தால் அவர்கள் எழுந்து திரும்பி, பின்பக்கம் இரண்டு படியில் கால் வைத்துச் சந்தில் இறங்கி மேற்கே ஓடலாம். உள்ளே இருக்கிறவர்களும் மேடை மேல் ஏறி அதே வழியாக இறங்கலாம்.

"அந்தப் பொம்பளைங்கதான் சுவரு," என்றேன் மச்சானிடம். "வேண்டிய நேரத்துல எழுந்து ஓடுற சுவரு. இந்த மாதிரி சுவரு எந்த ஊர்லயாவது இருக்குதா சொல்லு."

மச்சான் யோசித்துவிட்டுச் சிரித்தார். மீன்காரம்மா தரையில் கரிக்கட்டியால் நான் போட்ட கோட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள், திரும்பினாள், ஒரு எட்டு வைத்தாள். மறுபடியும் உட்கார்ந்து மறுபடியும் எழுந்தாள். "சரி," என்றாள்.

இன்ஜினியர் தம்பி மட்டும் ஒன்று கேட்டார். "ஐயா, மேற்கு வெயில் மதியத்துக்கு மேல நேரா மீன் மேல விழுமே. சன்ஷேடு நீட்டலாம்னா சந்துல இடமும் இல்ல."

"வெயில் என்னா தம்பி, சுனாமியா? அத பாத்துக்கலாம்," என்றேன்.

மார்க்கெட் திறந்தது. தெரு பிழைத்தது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, சொன்னாலும் தப்பில்லை. மஞ்சக்குப்பத்து ஆபீஸ்காரர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் மீன் வாங்க வந்தார்கள். வளையல் கடைக்காரர் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தார். என் சம்சாரம் மூட்டு வலிக்காரி. அவளும் மதியத்துக்கு மேல் மெதுவாக நடந்து போய், மீன்காரம்மா பக்கத்தில் மேடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு கை மீன் வாங்குவதற்கு ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு வருவாள்.

வெயில்தான் வந்தது. படகு திரும்பி மீன் வந்து இறங்குவதும் மதியம், வெயில் மேற்கே சாய்வதும் மதியம். பொம்பளைகள் முதுகு காய்ந்தது. மீன் அதற்கும் முன்னால் காய்ந்தது. கொஞ்ச நாள் சாக்கை நனைத்துப் போர்த்திப் பார்த்தார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு தட்டி கொண்டுவந்தார்கள். மூங்கில் சட்டத்தில் கீற்று முடைந்த தட்டி. தூணுக்குத் தூண், முதுகுக்குப் பின்னால், மேலே உத்தரக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். நான் ஒரு நாள் உள்ளே போனேன். மேற்குப் பக்கம் இருட்டாக இருந்தது. சுவர் வந்துவிட்டது. சுவர் வேண்டாம் என்று சண்டை போட்டவர்களே சுவர் கட்டிக்கொண்டார்கள்.

போய்க் குடை நுனியால் தட்டியின் அடியைத் தூக்கிப் பார்த்தேன். மேலே மட்டும் கட்டியிருந்ததால் தூக்க முடிந்தது. அன்றிலிருந்து தினமும் மதியம் போய் ஒவ்வொரு தட்டியாகத் தூக்கிப் பார்ப்பேன்.

"இன்ஸ்பெக்டரு வந்துட்டாருடி," என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"மேஸ்திரி, பொடவைய தூக்கிப் பாக்கற மாதிரி தட்டிய தூக்கிப் பாக்கற. வூட்டுல சொல்லட்டுமா?" என்பாள் மீன்காரம்மா.

"சொல்லு. அவதான் ஒன் பக்கத்துலயே குந்திக்கினு இருக்காளே," என்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். கை மட்டும் அடுத்த தட்டிக்குப் போகும்.

பிறகு அந்தப் புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு எந்தப் புயல் என்று சொல்ல வேண்டியதில்லை. மரமெல்லாம் படுத்த புயல். மார்க்கெட் கூரை ஒரு தகடுகூடப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தட்டிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சந்து தாண்டி யார் யார் வீட்டுக் கொல்லையிலோ கிடந்தன. புதுத் தட்டி கட்டினபோது இந்த முறை காற்று கொண்டுபோகக் கூடாது என்று மேலேயும் கட்டினார்கள், கீழேயும் தூணோடு சேர்த்து வலைக் கயிறு போட்டு இறுக்கினார்கள். மீனவப் பொம்பளைகள் கட்டினால் எப்படிக் கட்டுவார்கள் என்று சொல்லவா வேண்டும்? நான் குடை நுனியை விட்டுப் பார்த்தேன், தட்டி அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை.

"கீழ் கயித்த அவுத்து வுடும்மா," என்றேன்.

"அவுத்தா காத்துல ஆடி பொடணியில அடிக்குது. ஒனக்கு என்னா, பாத்துட்டு போயிடுவ. அடி வாங்கறது நாங்க."

"தண்ணி வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம்."

நான் வெயிலுக்குச் சொன்ன அதே பேச்சு. மூன்று நான்கு முறை கேட்டுப் பார்த்தேன். மச்சானை விட்டுச் சொல்லச் சொன்னேன். "தட்டிதானே மாமா, வுட்டுத் தள்ளு. நீ ஏன் இதுக்குப் போய் எளைக்கிற?" என்றார். நான் இளைத்துக்கொண்டுதான் இருந்தேன். மதியத்தில் மார்க்கெட் நிறைந்து கிடக்கும்போது உள்ளே நிற்க முடியவில்லை. வியர்த்துக் கொட்டும். வாசலை எண்ணுவேன். ஒன்றுதான் இருக்கும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மேடையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் சம்சாரமும் இருந்தாள். சிதம்பரத்துக் கல்யாண மண்டபக் கதையைச் சொன்னேன். நிலையில் மாட்டிக்கொண்டதை, மூச்சு நின்றதை, வளையல் சத்தத்தை. முதல் முறையாகச் சொன்னேன். சம்சாரம் என்னை யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மீன்காரம்மா கையில் இருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்துத் திரும்பி, தன் தட்டியின் கீழ்க் கயிற்றை அறுத்தாள். "ஏய், எல்லாரும் அறுங்கடி. இல்லன்னா இந்தாளு தெனமும் வந்து அழுவும்," என்றாள்.

காற்றுக்கு ஆடாமல் இருக்க நான் ஒரு வழி செய்து கொடுத்தேன். மச்சானிடம் பழைய அரிசிச் சாக்கு வாங்கி, மணல் நிரப்பி, ஒவ்வொரு தட்டிக்கும் அடியில் கட்டித் தொங்கவிட்டேன். தூணோடு கட்டு இல்லை, பாரம் மட்டும். காற்றுக்கு ஆடாது, கை கொடுத்தால் தூக்கலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு தட்டியைத் தூக்கிக் காட்டினேன். தூக்கின கையை எடுத்ததும் அது மறுபடியும் கீழே வந்து சாத்திக்கொண்டது. அதைப் பார்த்தேன், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

சித்திரை பிறக்கச் சில நாள் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு மண்டியில் இரும்பு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். நாற்காலி ஆடியது.

"மச்சான், காலை ஆட்டாத," என்றேன்.

"நான் ஏன் ஆட்டறேன்? நீதான் ஆட்டற."

இரண்டு பேரும் தராசைப் பார்த்தோம். சும்மா தொங்கிக்கொண்டிருந்த தட்டு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் எதிர்க் கடை டிவியில் என்னவோ ஓடியது. ஒருத்தர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். சுமத்ராவிலே நிலநடுக்கமாம் என்றார். அடுத்த பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"தண்ணி வருதாம்! ஓடு!"

ஷட்டர்கள் சரசரவென்று இறங்கின. துறைமுகத்துப் பக்கமிருந்து ஜனம் ஓடி வந்தது. நான் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. தெருவில் இருந்தவர்களெல்லாம் மார்க்கெட் வாசலுக்குள் திரும்பினார்கள். மார்க்கெட் வழியாகப் புகுந்தால் மேற்கே சந்து, சந்தைத் தாண்டினால் ரயில் மேடு. ஊருக்கே தெரியும். நான்தானே ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்திருந்தேன்.

என் சம்சாரம் உள்ளே இருந்தாள்.

நான் எப்படி உள்ளே போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. கூட்டம் தள்ளியது, போனேன். மேற்குப் பக்கம் இருட்டு. தட்டிகளுக்கு அடியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சக் கோடு. முன்னால் இருந்தவர்கள் மேடையில் முட்டிக்கொண்டு நின்றார்கள், பின்னாலிருந்து தெருவே வந்து சாய்ந்தது. குழந்தைகள் கத்தின. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று, பிறகு தகரத்தில் மழை. என் விலா நெரிந்தது. சிதம்பரத்து நிலைக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்றே நினைத்தேன். இத்தனை பேரையும் கொல்வதற்கு நானே ஒரு கட்டடம் கட்டி வைத்தேன் என்று தோன்றியது.

ஒரு தட்டி எழுந்தது. யாரோ இரண்டு பேர் குனிந்து போனார்கள். மணல் மூட்டை பாரத்தில் தட்டி திரும்ப விழுந்து அடுத்தவர் தலையில் அடித்தது. அந்த ஆள் சரிந்தார். இன்னொரு தட்டி எழுந்து, அதுவும் விழுந்தது.

திடீரென்று ஒரு இடத்தில் வெளிச்சம் வந்தது, வந்தது போகவில்லை. மீன்காரம்மா. அவள் முதலிலேயே வெளியே இறங்கியிருந்தாள். போயிருந்தால் முதல் ஆளாக ரயில் மேட்டில் நின்றிருப்பாள். பின்பக்கப் படியில் திரும்பி நின்று, சும்மாட்டுத் துணியைத் தலையில் வைத்து, மீன் கூடையைத் தூக்குகிற மாதிரியே தட்டியின் அடிச் சட்டத்தைத் தலையில் தூக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"குனிஞ்சி வா! குழந்தைய மொதல்ல குடு! ஏய், அவுங்கவுங்க தட்டிய தூக்குங்கடி! எவளும் ஓடாதீங்க!"

ஓடிப்போன இரண்டு பேர் திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு தட்டியாக எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு தலை. வரிசை முழுக்க வெளிச்சம். கூட்டம் மேடை மேல் ஏறி அவர்கள் கைகளுக்கு அடியில் இறங்கிப் போனது. கடைசித் தட்டியில் ஒரு வயசான பொம்பளை தூக்க முடியாமல் திணறினாள். நான் மேடை தாண்டி வெளியே இறங்கி, அவள் பக்கத்தில் நின்று சட்டத்துக்குத் தோளைக் கொடுத்தேன்.

மச்சான் என் கைக்கடியில் குனிந்து வந்தார், மூச்சு இரைத்தது. "மாமா, வா, போவலாம்."

"நீ போ மச்சான். தெருவுல வுழுந்து வழிய அடைச்சிடாத."

என் சம்சாரத்தை மீன்காரம்மாவின் தட்டிக்கடியில் பார்த்தேன். மேடையில் ஏறிவிட்டாள், இறங்க முட்டி மடங்கவில்லை. மீன்காரம்மா கையை எடுக்க முடியாமல் தன் இடுப்பை முட்டுக் கொடுத்தாள். "என் மேல சாஞ்சி எறங்கும்மா. சாயி, நான் வுழ மாட்டேன்." அவள் சாய்ந்து இறங்கினாள். இறங்கியதும் என்னைப் பார்த்து நின்றாள். "போ" என்று கத்தினேன். அவள் போனாள்.

இப்போது நான் சொல்லப்போவதை இந்த ஊரில் அன்றைக்குத் தட்டி பிடித்தவர்கள் மட்டும்தான் அறிவார்கள். வெளியே நின்று தட்டியைத் தூக்கிப் பிடிக்கிறவன் கிழக்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும். எதிரில் நீள மண்டபம், அதற்கு அப்பால் தெருவாசல், அதற்கு அப்பால் கடல். தண்ணீர் வந்தால் அந்த வாசலில்தான் முதலில் தெரியும். தண்ணியைப் பார்த்து ஓட மாட்டேன் என்று சண்டை போட்டவள் தண்ணி வரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். வாசலில் மீன் கழுவிய தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் வெளிச்சம் பட்டுப் பட்டு மின்னியது. மின்னும்போதெல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கால் என்னைக் கேட்காமலேயே ஒரு படி கீழே இறங்கியது. மறுபடியும் ஏற்றி வைத்தேன்.

கடைசியில் உள்ளே யாரும் இல்லை. செருப்புகளும் கவிழ்ந்த கூடைகளும்தான் கிடந்தன. "போதும், வுடுங்கடி!" என்று அவள் கத்தினாள். தட்டிகள் தடதடவென்று விழுந்தன. எல்லோரும் ஓடினோம்.

தண்ணீர் வரவில்லை. பொழுது சாயும்வரை ரயில் மேட்டில் உட்கார்ந்து கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். தலையில் தட்டி விழுந்த ஆளுக்குத் தையல் போட்டார்கள், வேறு யாருக்கும் பெரிய அடி இல்லை. சம்சாரம் என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். மூங்கில் அழுந்தின இடம் வீங்கியிருந்தது. அவள் கையில் ஒரு வளையல்கூட மிச்சமில்லை.

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரம்மா தரையில் வளையல் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பூனைகள் மீனையெல்லாம் முடித்திருந்தன.

"எழுந்து ஓடற சுவருன்னு சொன்னியே மேஸ்திரி. எங்கள தூணா நிக்க வெச்சிட்டியே."

கையோடு கொண்டுபோயிருந்த பையைக் காட்டினேன். உள்ளே இரும்புக் கொக்கிகள். உத்தரத்தில் கொக்கி, தட்டியின் அடிச் சட்டத்தில் வளையம். தூக்கி மாட்டிவிட்டால் தட்டி மேலேயே நிற்கும், ஆள் பிடிக்க வேண்டியதில்லை. இந்த யோசனை என்னுடையது. பாரம் வேண்டாம், காற்று அடித்தால் அடிக்கட்டும் என்று மணல் மூட்டைகளை அறுத்து எறிந்ததும் நான்தான். அவள் அதைப் பற்றி வேறு மாதிரி சொல்வாள், அதை நம்ப வேண்டாம்.

ஏணி போட்டு முதல் கொக்கியை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். வாசல்ல நெசமாவே தண்ணி தெரிஞ்சிருந்தா நீ தட்டிய வுட்டுட்டு ஓடியிருப்பியா?"

"நானா? நான் ஏன் ஓடறேன்?"

அவள் சிரித்தாள். "நான் ஓடியிருப்பேன்," என்றாள்.

நான் சுத்தியலை நிறுத்தினேன். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது.

"நானுந்தான்," என்றேன்.

"அப்ப கெட்டியா அடி," என்றாள்.

அடித்தேன். இப்போதும் மதியமானால் போகிறேன். ஒவ்வொரு தட்டியாகத் தூக்கி மாட்டி, தொங்கிப் பார்த்து, கழற்றி விடுகிறேன். இன்ஸ்பெக்டரு வந்துட்டாரு என்று குரல் வரும். ஆனால் இப்போது அவர்களும் கூடவே எழுந்து, அவரவர் கொக்கியை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உட்காருகிறார்கள்.